காரணபுரியில் ஆறு வருடம்

என் கணவர் என்னை முதன்முதலாக அடித்த அன்று, அடிப்பதற்கு முன்னால் என் மூக்குக் கண்ணாடியைக் கழற்றி அதன் பெட்டிக்குள் வைத்து மூடினார். திருமணமாகி நான்காவது மாதம். செனாவாங்கில் எங்கள் தாமான் குடியிருப்பில் அன்று பிற்பகல் மழை கொட்டியது. காயப்போட்ட துணிகளை எடுக்காமல் நான் தூங்கிப் போயிருந்தேன். வேலை முடிந்து வந்தவர் சொட்டச் சொட்டத் தொங்கிய துணிகளைப் பார்த்தார். சத்தம் போடவில்லை. முகம் கழுவி, சட்டை மாற்றிக்கொண்டு வந்து, சாப்பாட்டு மேசையில் எனக்கு எதிரே உட்கார்ந்தார்.

"துணி ஏன் நனைஞ்சுச்சு?"

"தூங்கிட்டேங்க."

"மழை வரும்னு தெரியுமா, தெரியாதா?"

"மேகம் கட்டியிருந்துச்சு."

"அப்ப தெரிஞ்சும் தூங்கியிருக்க. ஒரு தப்பு நடந்தா அதுக்கு ஒரு விளைவு இருக்கணும். இல்லாட்டி அந்தத் தப்பு திரும்ப வரும். நான் பேசுறதுல ஏதாச்சும் பிழை இருக்கா? இருந்தா சொல்லு, கேக்குறேன்."

யோசித்துப் பார்த்தேன். பிழை ஒன்றும் தட்டுப்படவில்லை. "இல்லைங்க" என்றேன்.

எழுந்து வந்து கண்ணாடியைக் கழற்றினார். "கண்ணுல குத்திரும்" என்றார். பிறகு இடது கன்னத்தில் அறைந்தார். நாற்காலியோடு தரையில் சாய்ந்தேன். நாற்காலியை நிமிர்த்தி, என்னையும் நிமிர்த்தி உட்காரவைத்து, இன்னொன்று அறைந்தார். கண்ணாடியைத் திரும்பக் கொடுத்தார். "முடிஞ்சுச்சு. இனிமே இதப் பத்திப் பேச வேணாம்" என்று சொல்லிவிட்டு இரண்டு பேருக்கும் தேநீர் கலக்கப் போனார். காதுக்குள் ஒரு வண்டு பறந்துகொண்டிருந்தது. தேநீரில் சீனி சரியாக இருந்தது.

அவரை நான் விரும்பித்தான் மணந்தேன். நான் பிறந்தது ரெம்பாவ் பக்கம் ஒரு செம்பனைத் தோட்டத்தில். அப்பா குலை வெட்டுபவர். குடித்துவிட்டு வந்தால் கையில் எது கிடைக்கிறதோ அதனால் அம்மாவை அடிப்பார். கரண்டி, குடை, ஒருமுறை முள்ளோடு கூடிய செம்பனை மட்டை. அந்த மட்டையின் தழும்புகள் அம்மாவின் முதுகில் இன்றும் வரிசையாக இருக்கின்றன. எதற்கு அடித்தார் என்று அவருக்கே தெரியாது. காலையில் தொழிலாளர் லயத்து வாசலில் உட்கார்ந்து விசும்பி அழுவார். எனக்குப் பதினேழு வயதாக இருந்தபோது டிராக்டர் கால்வாயில் கவிழ்ந்து செத்தார். அம்மாவும் நானும் அன்று அழுதோம். அழுதுவிட்டு நன்றாகத் தூங்கினோம்.

பிறகு செனாவாங்கில் கார்களுக்கு ஒயர் கட்டுகள் செய்யும் தொழிற்சாலை ஒன்றில் தரம் பார்க்கும் வேலைக்குச் சேர்ந்தேன். அங்கே இயந்திரங்களைப் பழுதுபார்ப்பவராக அவர் இருந்தார். இயந்திரம் நின்றுபோனால் மற்ற ஆண்கள் அதை உதைப்பார்கள், தாயைப் பழிப்பார்கள். அவர் மட்டும் குந்தி உட்கார்ந்து, காதை வைத்துக் கேட்பார். "மெஷினு காரணமில்லாம நிக்காது. அத கண்டுபிடிச்சாப் போதும். கோவம் எதுக்கு?" என்பார். குடிக்க மாட்டார், புகைக்க மாட்டார். குரல் உயர்ந்து நான் கேட்டதே இல்லை. இந்த மனிதரோடு இருந்தால் எங்கிருந்து அடி விழும் என்று தெரியாமல் வாழ வேண்டியதில்லை என்று நினைத்தேன். அது ஒருவகையில் உண்மையாகத்தான் போயிற்று. எங்கிருந்து விழும், எப்போது விழும், எத்தனை விழும் என்பதெல்லாம் எனக்கு முன்கூட்டியே தெரிந்திருந்தது.

கன்னத்தில் அறைவதில் தொடங்கியது பெல்ட்டுக்குப் போனது. பெல்ட் சமமாக விழுவதில்லை என்று சொல்லித் தொழிற்சாலையிலிருந்து தடித்த ஒயர் ஒன்றைக் கொண்டுவந்தார். அது தொடையில் விழுந்தால் முதலில் வெள்ளையாக ஒரு கோடு தெரியும், பிறகு அது சிவந்து, மறுநாள் ஊதாவாக மாறும். ஒவ்வொரு முறையும் மேசை, நாற்காலி, விசாரணை. ஒவ்வொரு முறையும் "பிழை இருந்தா சொல்லு" என்ற கேள்வி. ஒருமுறை துணிந்து "அடிச்சாத்தான் திருந்துவேன்னு எப்படித் தெரியும்?" என்று கேட்டேன். வெகுநேரம் யோசித்தார். "நல்ல கேள்வி" என்று பாராட்டினார். "அடிச்சதுக்கப்புறம் நீ துணிய நனைய விட்டியா?" விடவில்லைதான். அந்தக் கேள்விக்காக அன்று ஓர் அடி குறைந்தது.

மூன்றாவது வருடம் என் சுண்டு விரலை உடைத்தார். அம்மாவுக்குக் காய்ச்சல் என்று தோட்டத்துக்குப் போய் வந்ததை மறைத்து, ஓவர்டைம் பார்த்ததாகச் சொல்லியிருந்தேன். பொய்க்கு அடி போதாது, ஞாபகத்தில் நிற்கிற மாதிரி ஏதாவது வேண்டும் என்றார். இடது கையை மேசைமேல் வைக்கச் சொன்னார். நானே வைத்தேன். இதை எழுதும்போதுதான் எனக்கு உடம்பு கூசுகிறது, விரல் உடைந்ததை எழுதும்போது அவ்வளவு இல்லை. காய்ந்த குச்சி முறிவதுபோல் சத்தம் கேட்டது. கிளினிக்கில் கதவிடுக்கில் நசுங்கியது என்றோம். கதவின் கீல் எந்தக் கோணத்தில் விரலைப் பிடிக்கும் என்று டாக்டருக்கு அவர் காகிதத்தில் வரைந்து காட்டினார். டாக்டர் நம்பிவிட்டார். எனக்கே கொஞ்சம் நம்பிக்கை வந்தது.

கட்டோடு போய், விரல் கதவில் நசுங்கியது என்றுதான் அம்மாவிடமும் சொன்னேன்; அவர் அடிப்பதை மட்டும் மறைக்கவில்லை.

"குடிச்சிட்டு அடிக்கிறாரா?"

"இல்லம்மா."

"வேற பொம்பள கிம்பள?"

"அதெல்லாம் இல்ல."

"பின்ன எதுக்கு அடிக்கிறாரு?"

"காரணம் சொல்லித்தான் அடிக்கிறாரு."

அம்மாவுக்கு அது விளங்கவில்லை. தன் முதுகில் விழுந்த அடிகளில் ஒன்றுக்காவது அவளுக்குக் காரணம் கிடைத்ததில்லை. "அப்ப அந்தக் காரணம் வராம நீ பாத்துக்கலா, பிள்ள" என்றாள். நான் அன்று மாலையே பேருந்து ஏறித் திரும்பிவிட்டேன்.

என் பக்கத்து மேசையில் வேலை பார்த்த மலாய்க்கார அக்கா ஒருவர் ஒருநாள் என் கைச்சட்டை விலகியபோது முழங்கைக்கு மேலே இருந்த ஊதாக் கோடுகளைப் பார்த்துவிட்டார். "செபாப் அப்பா?" என்றார். மலாயில் என்ன காரணம் என்று அர்த்தம். நான் வாயைத் திறந்தேன். முந்தின நாள் விசாரணை முழுவதும் வரிசையாக மண்டைக்குள் வந்தது. மீன் வாங்கிய பையைக் காரின் பின்னிருக்கையில் வைத்தது, வாடை, இருக்கைத் துணி, பொறுப்பு, விளைவு. எல்லாவற்றுக்கும் என்னிடம் பதில் இருந்தது. ஒன்றைக்கூட அந்த அக்காவின் முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியவில்லை. அவர் போன பிறகு, கழித்துப் போட்ட ஒயர்களில் கட்டும் சிவப்பு அட்டை ஒன்றின் பின்பக்கத்தில் எழுதினேன்: 'காரணபுரி என்றொரு நாடு. அங்கே யாரும் கோபத்தில் அடிப்பதில்லை.'

ஏன் எழுதினேன் என்று தெரியவில்லை. தமிழ்ப்பள்ளியில் கட்டுரை எழுதியதற்குப் பிறகு நான் எதையும் எழுதியதில்லை. ஆனால் மறுநாள் ஓய்வு நேரத்தில் அடுத்த வரி வந்தது. காரணபுரியில் நாய்கள் குரைப்பதற்கு முன்னால் காரணம் சொல்ல வேண்டும். சொல்ல முடியாத நாய்களை அமைதியாக்கிவிட்டார்கள். குழந்தைகள் அழலாம், ஆனால் கடிகாரத்தைப் பார்த்து அழ வேண்டும். ஞாயிற்றுக்கிழமை மழை பெய்வதில் அர்த்தமில்லை என்று சபை முடிவுசெய்திருந்ததால், அன்று நனைந்தவர்கள்தான் குற்றவாளிகள். அடிக்கும் அதிகாரி வீட்டுக்கு வருவார். வணக்கம் சொல்வார். அடிபட வேண்டியவரின் கண்ணாடியைப் பத்திரமாகக் கழற்றி வைப்பார். அடிக்குச் சம்மதம் என்று கையெழுத்து வாங்குவார். சம்மதிக்க மறுக்கும் உரிமை எல்லோருக்கும் உண்டு. மறுப்பதற்கான காரணம் சரியா என்பதை அதிகாரி பார்த்துச் சொல்வார்.

சிவப்பு அட்டைகளிலிருந்து ஒரு பள்ளிக்கூட நோட்டுப் புத்தகத்துக்கு எல்லாவற்றையும் மாற்றி எழுதினேன். எழுதும்போது சிரிப்பு வரும். கழிவறைக்குள் போய் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பேன். நோட்டைத் தையல் இயந்திரத்தின் இழுப்பறையில், துண்டுத் துணிகளுக்கு அடியில் வைத்திருந்தேன்.

ஒரு சனிக்கிழமை காலை பசாரிலிருந்து காய் வாங்கி வந்தேன். அவர் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்திருந்தார். முன்னால் அந்த நோட்டு விரிந்து கிடந்தது. சட்டைப் பொத்தான் அறுந்து ஊசி தேடியிருக்கிறார். என் கையிலிருந்த காய்ப்பை தானாக நழுவியது. வெண்டைக்காய் தரையெல்லாம் உருண்டது. இன்றைக்கு எதை உடைப்பார் என்றுதான் நினைத்தேன். எதிர் நாற்காலியில் போய் உட்கார்ந்து, நானே கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தேன்.

"கண்ணாடிய ஏன் கழட்டுற? போட்டுக்க" என்றார். முகத்தில் ஒரு மலர்ச்சி. "நீ எழுதுனதா?"

"ஆமாங்க."

"இவ்வளவு யோசிப்பியா நீ? எனக்குத் தெரியாமப் போச்சே. இப்படி ஒரு நாடு இருந்தா எவ்வளவு நல்லா இருக்கும்!"

நான் அவர் கண்களைப் பார்த்தேன். கேலி எதுவும் இல்லை. அவர் உண்மையிலேயே மகிழ்ந்துபோயிருந்தார்.

"ஆனா ரெண்டு எடத்துல இடிக்குது. அடி வாங்குனவரு திருந்திட்டாருன்னு எப்படித் தெரியும்? ஒரு நன்றிக் கடிதம் எழுதித் தரணும். அது ஒண்ணு. அப்புறம், மேல்முறையீடு வேணும். மேல்முறையீடு இல்லாத எடத்துல நியாயம் இருக்காது."

"யாருகிட்ட மேல்முறையீடு பண்றது?"

"அடிச்சவருகிட்டதான். நடந்தத முழுசாத் தெரிஞ்சவரு அவரு ஒருத்தர்தான?"

பேனாவை எடுத்து ஓரத்தில் அழகான கையெழுத்தில் இரண்டையும் எழுதினார். அந்த வாரம் முழுவதும் வேலை விட்டு வந்ததும் கணினியில் கதையைத் தட்டச்சு செய்தார். ரெம்பாவில் ஒரு வாசகர் வட்டம் சிறுகதைப் போட்டி நடத்துவதாக வாட்சாப்பில் வந்த அறிவிப்பைக் கண்டுபிடித்து, என் பெயரில் அவரே அனுப்பிவைத்தார். அந்த ஒரு மாதம் அவர் என்னை அடிக்கவில்லை. எங்கள் ஆறு வருடத்தில் அதுதான் நல்ல மாதம். அதையும் சொல்லத்தான் வேண்டும்.

கதைக்கு மூன்றாம் பரிசு கிடைத்தது. ஞாயிற்றுக்கிழமை காலை, ரெம்பாவில் ஒரு சிறிய மண்டபம். ஐம்பது அறுபது பேர் இருப்பார்கள். அவர் என்னைப் பட்டுப்புடவை கட்டச் சொல்லி, இரண்டாம் வரிசையில் தானும் சட்டையை இஸ்திரி போட்டு உட்கார்ந்திருந்தார். பரிசு பெற்றவர்கள் தங்கள் கதையை வாசிக்க வேண்டும் என்றார்கள். ஒலிவாங்கியை என் உயரத்துக்கு இறக்கினேன். வாசிக்கத் தொடங்கினேன்.

நாய்கள் வரும் இடத்தில் யாரோ ஒருவர் சிரித்தார். மழை வரும் இடத்தில் பாதிப்பேர் சிரித்தார்கள். எனக்குத் தைரியம் வந்தது. நன்றிக் கடிதம் வந்ததும் மண்டபமே சிரித்தது. மேல்முறையீட்டை அடித்தவரே விசாரிப்பார், ஏனென்றால் நடந்ததை முழுதாக அறிந்தவர் அவர் ஒருவரே என்று வாசித்தபோது, பின்வரிசையில் ஒரு பெரியவர் கைத்தடியைத் தரையில் தட்டித் தட்டிச் சிரித்தார். நான் வாசிப்பதை நிறுத்திக் காத்திருக்க வேண்டியதாயிற்று. என் வரிகள் எதற்கும் அத்தனை சிரிப்பு இல்லை. அந்த இரண்டும் என் கணவர் சேர்த்த வரிகள்.

நிமிர்ந்து அவரைப் பார்த்தேன். முதலில் அவரும் மற்றவர்களைப் பார்த்துப் புன்னகைத்துக்கொண்டிருந்தார். பிறகு இடது பக்கம் திரும்பினார், வலது பக்கம் திரும்பினார். எதற்குச் சிரிக்கிறார்கள் என்று தேடினார். அவருடைய முகத்தில் இருந்த புன்னகை கொஞ்சம் கொஞ்சமாக இறங்கியது.

நடுவராக வந்திருந்த ஓய்வுபெற்ற பெண் ஆசிரியர் ஒருவர் பிறகு பேசினார். "இந்த நாட்டுல அறிவுங்கறது அடிக்கிறவரோட கையில இருக்கற பிரம்பு. கண்ணாடியக் கழட்டி வைக்கிற எடத்துல எனக்குச் சிரிப்பு வரல. இத எழுதுனவங்க கற்பனையில எழுதலேன்னு தோணுச்சு" என்றார். சிலர் என்னைப் பார்த்தார்கள். என்னைப் பார்த்தவர்கள் அடுத்து அவரைப் பார்த்தார்கள்.

காரில் ஏறியதும் அவர் சொன்னது இது மட்டும்தான்: "ஒங்கம்மா வீட்டுக்குப் போவோம். மூணாவது ஆளு ஒருத்தரு முன்னால பேசுனாத்தான் நியாயம்." தோட்டத்துக்குப் போகும் செம்மண் சாலையில் இரண்டு முறை கியரைத் தவறாகப் போட்டார். அவர் கியர் தவறி நான் பார்த்ததில்லை.

அம்மா இன்னும் அதே லயத்தில்தான் இருந்தாள். செம்பனை மரத்தடியில் உதிரும் பழங்களைப் பொறுக்கிக் கோணியில் கட்டும் வேலை. அன்று காலை வேலையை முடித்துவிட்டு வாசலில் உட்கார்ந்து, காலணியில் ஒட்டிய சேற்றைச் சுரண்டிக்கொண்டிருந்தாள். கோணிகளை இழுத்துப் போடுவதற்கான முழங்கை நீள இரும்புக் கம்பி, முனையில் கொக்கியோடு, சுவரில் சாய்ந்திருந்தது.

அவர் உட்காரவில்லை. நின்றபடியே சட்டைப் பையிலிருந்து கதையின் தாள்களை எடுத்து, ஒரு பக்கத்தை அம்மாவுக்கு வாசித்துக் காட்டினார்.

"ஒங்க மக எழுதுனது அத்தை. என்னிய வச்சு ஊரே சிரிக்குது. நீங்களே சொல்லுங்க. ஆறு வருசத்துல நான் ஒரு தடவையாச்சும் காரணமில்லாம இவளத் தொட்டிருக்கேனா?"

அம்மா காலணியைக் கீழே வைத்தாள். "மாப்ள, ஒண்ணு கேக்குறேன். நெசமாலுமே கண்ணாடியக் கழட்டிட்டுத்தான் அடிப்பீங்களா?"

"ஆமா. கண்ணுக்குப் பாதுகாப்பு."

"அவ வெரலு கதவுல நசுங்கல?"

"இல்ல. அது பொய் சொன்னதுக்கு."

"எந்த வெரல ஒடைக்கிறதுன்னு எப்படி முடிவு பண்ணீங்க?"

அவர் தயங்கவே இல்லை. கேள்வி கேட்டால் சரியான பதில் சொல்ல வேண்டும், அவருக்கு அவ்வளவுதான். "எடது கை சுண்டு வெரல். அவ செய்ற வேலைக்கு அது அதிகம் தேவைப்படாது."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மண்டபத்தில் கேட்ட சிரிப்பு என் வயிற்றுக்குள் அடைந்து கிடந்திருக்க வேண்டும். கழிவறையில் பொத்திச் சிரித்த எல்லாச் சிரிப்பும் சேர்ந்து வந்ததுபோல் வாய்விட்டுச் சிரித்தேன். புடவைத் தலைப்பால் வாயைப் பொத்தியும் நிற்கவில்லை.

அவர் திரும்பினார். விசாரணை இல்லை. கண்ணாடியைக் கழற்றவும் இல்லை. மூடிய கையால் முகத்தில் குத்தினார். கண்ணாடிச் சில்லு புருவத்தைக் கிழித்து, ஒரு கண்ணில் எல்லாம் சிவப்பாயிற்று. இரண்டாவது குத்து இடது காதில். அந்தப் பக்கத்து உலகம் அதோடு அணைந்துவிட்டது. முடியைப் பிடித்து இழுத்துப்போய், தண்ணீர்த் தொட்டியின் சிமெண்டு விளிம்பில் என் தலையை மோதினார். வாயிலிருந்து என்னென்னவோ சத்தம். அதில் ஒரு சொல்லும் இல்லை. அப்பா குடித்துவிட்டு வந்து போடும் அதே சத்தம். மறுபடி மோதினார். வாய்க்குள் பல் ஒன்று ஆடியது தெரிந்தது. நான் சாகப் போகிறேன் என்று நினைத்தேன். அதைவிட, ஒரு காரணமும் இல்லாமல் சாகப் போகிறேன் என்று நினைத்தேன்.

அப்போது அவர் பிடி விட்டது. அம்மா அந்த இரும்புக் கம்பியால் அவருடைய மணிக்கட்டில் அடித்திருந்தாள். அவர் திரும்புவதற்குள் முழங்காலில் ஒன்று விழுந்தது. தழும்புகளோடு எத்தனையோ வருடம் அடி வாங்கிய அந்த உடம்பிலிருந்து அப்படி ஒரு வேகம் வந்தது. அவர் மடங்கிச் சேற்றில் விழுந்தார்.

"போதும் அத்தை... போதும்" என்று கையை நீட்டினார். கை மணிக்கட்டிலிருந்து வேறு பக்கம் தொங்கியது.

அம்மா நிறுத்திவிட்டாள். நான் நிறுத்தவில்லை. கம்பியை அவள் கையிலிருந்து பிடுங்கினேன். முதுகில் அடித்தேன், தொடையில் அடித்தேன், ஒயர் விழும் இடங்களாகப் பார்த்து அடித்தேன். பிறகு இடமும் பார்க்கவில்லை. சுருண்டுகொண்டார். சுருண்ட உடம்பின் மேல் அடித்தேன். எத்தனை என்று எண்ணவில்லை. என் கை வலித்தது, அந்த வலி எனக்குப் பிடித்திருந்தது. அம்மா பின்னாலிருந்து இடுப்பைக் கட்டிப் பிடித்து, "விடுலா, செத்துருவாரு! பிள்ள, விடு!" என்று கத்தியது ஒரு காதில் மட்டும் கேட்டது. அவள் என்னைத் தரையில் தள்ளி மேலே உட்கார்ந்த பிறகுதான் கம்பியை விட்டேன்.

பக்கத்து லயத்துக்காரர் ஆம்புலன்சுக்குச் சொன்னார். கணவரையும் என்னையும் ஒரே மருத்துவமனைக்குத்தான் கொண்டுபோனார்கள். அவருக்கு மணிக்கட்டு, இரண்டு விலா எலும்பு, முழங்கால். எனக்குப் புருவத்தில் தையல், மண்டையில் தையல், கிழிந்துபோன செவிப்பறை. இடது காது இன்றுவரை கேட்கவில்லை.

போலீஸ் நிலையத்தில் தமிழ்ப் பெண் அதிகாரி ஒருவர் வாக்குமூலம் எழுதினார். பொறுமையாகக் கேட்டார். சுண்டு விரல்வரை எல்லாம் எழுதிய பிறகு, "அவரு கீழ விழுந்ததுக்கப்புறம் ஏம்மா அடிச்சீங்க?" என்றார்.

"அடிக்கணும்போல இருந்துச்சு."

பேனாவைக் கீழே வைத்தார். "அப்படி எழுதுனா ஒங்களுக்குத்தான் பிரச்சினம்மா. எந்திரிச்சு வந்துருவாரோன்னு பயத்துல அடிச்சீங்க. சரியா?"

பயமும் இருந்தது. அது பொய் இல்லை. தலையாட்டினேன். அவர் அப்படியே எழுதிக்கொண்டார்.

அம்மா மீதும் என் மீதும் வழக்கு எதுவும் வரவில்லை. என் கணவர் மீது வந்தது. அவர் நீதிமன்றத்தில் வழக்கறிஞர் வேண்டாம் என்று சொல்லி, தானே பேசினார். கையில் கட்டோடு, ஊன்றுகோலோடு நின்று, ஒவ்வொரு அடிக்கும் ஒவ்வொரு காரணமாக அவர் சொல்லத் தொடங்கியதும், நீதிபதி இடையில் நிறுத்தி, "நீங்கள் குற்றத்தை ஒப்புக்கொள்கிறீர்கள் என்று எடுத்துக்கொள்ளலாமா?" என்று கேட்டார். அவர் கொஞ்சம் யோசித்து, ஆமாம் என்றார். அபராதமும் நன்னடத்தைப் பிணையும் விதித்தார்கள். என்னை நெருங்கக் கூடாது என்று உத்தரவும் போட்டார்கள். மணவிலக்கு அதற்குப் பிறகு ஒரு வருடத்தில் கிடைத்தது. அம்மா தோட்டத்து வேலையை விட்டாள். இப்போது இருவரும் தெமியாங்கில் ஒரு கடைக்கு மேலே வாடகை வீட்டில் இருக்கிறோம். கீழே இருக்கும் துணிக்கடையில் எனக்கு வேலை.

அடித்த கை அடங்கிவிட்டது என்று சொல்ல மாட்டேன். ஒருநாள் கடையில் புடவையை மாற்ற வந்த ஒருவன், எனக்குச் சாப்பாடு கொண்டுவந்த அம்மாவைப் பார்த்துக் கையை ஓங்கிப் பேசினான். அவ்வளவுதான். துணி அளக்கும் இரும்புக் கோல் என் கைக்கு எப்படி வந்தது என்று தெரியாது. முதலாளியம்மா குறுக்கே வராவிட்டால் அவன் மண்டை உடைந்திருக்கும். அன்று வீட்டுக்கு வந்து நெடுநேரம் கையைச் சோப்புப் போட்டுக் கழுவினேன்.

போன வருடம் ஒரு சனிக்கிழமை மதியம், தெரியாத எண்ணிலிருந்து அழைப்பு வந்தது. ஒரு பெண் குரல். தயங்கித் தயங்கித் தன் தங்கைக்கு மாப்பிள்ளை பார்த்திருப்பதாகச் சொன்னார். மாப்பிள்ளை யார் என்று எனக்கு விளங்கிவிட்டது.

"தப்பா நெனைக்காதீங்கக்கா. விசாரிக்காமப் பொண்ணக் குடுக்க முடியாதுல்ல? குடிப்பாரா?"

"குடிக்க மாட்டாரு."

"கோவக்காரரா?"

"கோவமே வராது."

அந்தப் பக்கம் நிம்மதியாக ஒரு மூச்சு கேட்டது. "பின்ன ஏன்க்கா பிரிஞ்சீங்க?"

வலது காதோடு போனை அழுத்திப் பிடித்தேன். "போன்ல வேணாம். ஒங்க தங்கச்சியையும் கூட்டிக்கிட்டு வாங்க" என்றேன்.

மறுநாள் காலையிலேயே வந்துவிட்டார்கள். பெண்ணுக்கு இருபத்தைந்து வயது இருக்கலாம். மருத்துவமனையில் தாதியாக வேலை பார்க்கிறவள். அக்கா நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தார். அம்மா வெங்காயம் நறுக்குவதை நிறுத்திவிட்டு வந்து கதவோரம் நின்றாள். நான் மருத்துவமனைக் காகிதங்களையும் போலீஸ் ரிப்போர்ட்டின் நகலையும் அந்தப் பெண்ணின் மடியில் வைத்தேன். அக்கா எட்டிப் பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார். அந்தப் பெண் ஒவ்வொரு வரியாக, மருந்துச் சீட்டு வாசிப்பதுபோல் வாசித்தாள்.

"என்கிட்ட ரொம்ப அன்பாத்தான் பேசுறாரு" என்றாள் கடைசியில். "போன வாரம் நான் பத்து நிமிசம் லேட்டா வந்தேன். ஒண்ணுமே சொல்லல. ஏன் லேட்டாச்சுன்னு மட்டும் கேட்டாரு. நான் சொன்னதக் கேட்டுட்டு, 'இந்தத் தடவ சரி'ன்னாரு."

அவள் தாள்களை அடுக்கி, ஓரத்தைத் தட்டிச் சீராக்கி என்னிடம் கொடுத்தாள். எழுந்து அக்காவின் கையைப் பிடித்தாள். "போலாம்க்கா. வீட்டுக்குப் போயி மாப்ள வீட்டுக்காரங்ககிட்டச் சொல்லிரு" என்றாள்.

"என்னன்னு சொல்றது? காரணம் கேப்பாங்களேடி."

"வேணாம்னு சொல்லு. அவ்வளவுதான்."

இருவரும் படியிறங்கிப் போனார்கள். கீழே அவர்கள் மோட்டார் சைக்கிள் கிளம்பும் சத்தம் கேட்டது. அம்மா உள்ளே போய் மறுபடியும் வெங்காயம் நறுக்க ஆரம்பித்தாள்.